கரி மேடையில் ஏழு பேர்

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். இந்த நோட்டை வட்டம் கொடுத்தது. தினமும் என்ன செய்தேன், என்ன பொருள் தீர்ந்தது என்று எழுத வேண்டுமாம். அதை முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இது பின்பக்கம். இதை யாரும் கேட்கவில்லை.

வட்டம் என்றால் மீட்டர்கேஜ் நண்பர்கள் வட்டம். பதினான்கு பேர். பதினான்கும் ஆண்கள், பாதிப் பேர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள். திருச்சி உறையூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினாறு அடி நீள மேசை போட்டு, ஊத்துமேடு சந்திப்பை 1986-இல் இருந்தது இருந்தபடி சின்னதாகக் கட்டுகிறார்கள். அங்கே எண்பத்தேழு அடி இருந்தது இங்கே ஒரு அடி. நீராவி இன்ஜின் போய், பாதையை அகலமாக்கி, இன்ஜின் நிறுத்துகிற ஷெட்டை இடித்து, ஊத்துமேட்டில் இப்போது பழையது எதுவும் மிச்சமில்லை. மேசையில் தண்டவாளம் போட்டாயிற்று. ரயில் ஓடுகிறது. கட்டிடம், மண், மரம், மனிதர்கள் என் வேலை. ஆகஸ்ட் பத்தாம் தேதி திறப்பு. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.

இதற்கு முன் சென்னையில் அடுக்குமாடி விற்கிற கம்பெனிகளுக்கு மாதிரிக் கட்டிடம் செய்துகொண்டிருந்தேன். கடைசியாகச் செய்ததில் மனையை ஒட்டி நாற்பது குடிசைகள் உண்டு. அவற்றையும் செய்து வைத்தேன். பிய்த்துவிட்டுப் பச்சைப் புல் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். மறுநாள் வேலையை விட்டுத் திருச்சிக்கு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒட்டாமல் விட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஊத்துமேடு என்றதும் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"பொம்மை பண்ணி வைக்கற அளவுக்கு அந்த ஊர்ல என்னடி இருக்கு?"

அவள் பிறந்தது அந்தப் பக்கம்தான், ஏதோ ஒரு கிராமம். ஒரு தடவைகூட என்னைக் கூட்டிப் போனதில்லை. அப்பா இறந்தபோதுகூட அங்கிருந்து யாரும் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு தோறும் கூட்டம். தலைவர் வரதராஜுலு சார், எழுபத்துநான்கு வயது. வேறு ஊர் ஷெட்டில் பயர்மேனாகச் சேர்ந்து, இன்ஜினுக்குக் கரி தள்ளி, பரீட்சை எழுதி மேலே வந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி.

அவருடைய விதி ஒன்று இருக்கிறது. மேசையில் வைக்கிற எதற்கும் ஆதாரம் வேண்டும். ஒரு புகைப்படம் அல்லது வரைபடம். இரண்டும் இல்லையென்றால், அங்கே வேலை பார்த்த ஒருவர் நேரில் வந்து, தான் கண்டதைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கென்று நீளமாக ஒரு ஆதாரப் புத்தகம். பொருள், ஆதாரம், சாட்சியின் பெயர், பதவி, கையெழுத்து என்று கட்டங்கள். புரட்டிப் பார்த்தேன். டிரைவர், கார்டு, ஃபோர்மேன், ஸ்டேஷன் மாஸ்டர். சிக்னல் கம்பத்து ஏணிக்கு எத்தனை படி என்பதற்கு மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கிறுக்குத்தனம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது. கம்பெனியில் இப்படி ஒரு புத்தகம் இருந்திருந்தால் புல்லுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பேன்.

அட்டை வெட்ட அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துப்போய் ஏமாந்தேன். அவளுக்கு இடது கைப் பழக்கம். இருபது வருடம் இடது கையால் வெட்டி வெட்டி அந்தக் கத்தரிக்கோல் வேறு யாருக்கும் வெட்டாது.

ஜூன் 17, திங்கள்

ஸ்டேஷன் கட்டிடம் முடிந்தது. ஓடுகள் மட்டும் இரண்டாயிரத்து இருநூறு. கண் எரிகிறது.

வட்டத்தின் கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அனுப்பிய படங்கள் இருக்கின்றன. 1986-இல் ரயில் பார்க்கவே இந்தியா வந்தவராம். இருநூற்றுப் பன்னிரண்டு படம், எல்லாம் இன்ஜின். நூற்று நாற்பத்தொன்றாம் படத்தில் இன்ஜின் இல்லை. அதன் பின்னால் கரி கொண்டுபோகிற டெண்டர் மட்டும். பக்கத்தில் கல்லில் கட்டிய உயரமான மேடை. மேடைக்கு ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகை. பலகையில் ஏழு பெண்கள், தலையில் கூடை, கூடையில் நிலக்கரி.

யாரும் இதைப் பற்றிச் சொல்லவே இல்லை. டெண்டர் பத்தாயிரம் கிலோ கரி குடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அது யார் தலையில் ஏறிப் போனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் எல்லாம் கரி, அடையாளம் தெரியாது. ஆறு பேர் இடது கையால் கூடையைப் பிடித்திருக்கிறார்கள். மேலிருந்து மூன்றாவது ஆள் மட்டும் வலது கையால். ஏழு பேரையும் இவர்கள் நிற்கிற விதத்திலேயே செய்யப் போகிறேன். ஒவ்வொருத்தியும் பதினேழு மில்லிமீட்டர் உயரம்.

ஜூன் 23, ஞாயிறு

கூட்டத்தில் சண்டை. கரி மேடை வேண்டாம், கிரேன் வைம்மா என்றார் வரதராஜுலு சார். பிள்ளைகள் பார்க்கிற இடம், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்றார். மின்வேலை பார்க்கிற தாஸ் அண்ணன் கிரேனுக்கு மோட்டாரே வாங்கி வைத்துவிட்டாராம். பொத்தானை அமுக்கினால் மேலே போகும்.

ஊத்துமேட்டில் கிரேன் இருந்ததற்கு உங்கள் புத்தகத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டேன். புரட்டினார். இல்லை. இன்ஜினைத் துடைத்துத் துடைத்து வைக்கிறீர்கள், அதற்குச் சோறு போட்ட பெண்கள் உங்கள் யார் கண்ணிலும் படவில்லை, எனக்கு மட்டும்தான் பட்டது என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன்.

அவர் என்னை முறைத்துக்கொண்டே பேனாவைத் திறந்து எழுதினார். "கரி மேடை. ஆதாரம்: படம் 141."

வெளியே வந்ததும் தாஸ் அண்ணன், "தங்கச்சி, கிரேன் மோட்டாரைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். அதை வச்சு உனக்கு ஒரு மாவாட்டுற கல் பண்ணித் தரேன்," என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

சின்ன மேடைக்கும் நிஜக் கரிதான் போட வேண்டும். மையடித்த கல் பளபளக்காது. தாஸ் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பொட்டலம் நிலக்கரி கொண்டு வந்தார். வீட்டுக்கு எடுத்து வந்து சுத்தியலால் உடைத்தேன். எல்லாம் மாவாகிப் போயிற்று.

அம்மா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கட்டியைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் லேசாக ஒரு தட்டு. ஏடு ஏடாகப் பிரிந்து விழுந்தது.

"நிக்க வச்சு அடிச்சா தூளாத்தான் போவும். படுக்க வச்சு அடி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊர்ல அடுப்பு இல்லியா என்றாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஜூலை 5, வெள்ளி

மேடை கட்டி, வடக்குப் பக்கம் ஒட்டியாயிற்று. சென்னைக் கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். போ என்கிறாள் அம்மா. கரியைச் சுற்றிச் சுற்றி வராதே என்கிறாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை, உனக்கு ஊசி நூலைத் தாண்டி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவள் ஊசியில் நூல் கோர்த்தாள். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது என்பதற்காக.

ஜூலை 12, வெள்ளி

ஏழு பேரும் தயார். செம்புக் கம்பியில் எலும்பு, அதன்மேல் எபாக்சிப் பசை, டிஷ்யூ காகிதத்தில் புடவை. படத்தைப் பக்கத்தில் வைத்து மடிப்பு மடிப்பாகப் பார்த்துச் செய்தேன். இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது.

சும்மாடு சரியாக வரவில்லை. கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச் சுருள். அம்மாவிடம் கேட்டேன். நூல் பிரியை எடுத்து இடது கை இரண்டு விரலுக்கு நடுவில் சுருட்டி, கடுகு அளவில் ஏழு சும்மாடு செய்து கொடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொம்மைகளைப் பார்த்தாள்.

"இவங்கள்லாம் யார் வீட்டுப் பொம்பளைங்க?"

கரி சுமக்கிறவர்கள் என்றேன்.

"வலது தோள்ல முந்தானை போட்டிருக்காங்க. ஐயர் வீட்டு மாமிங்கதான் இப்படிக் கட்டுவாங்க. ஊத்துமேட்டுல மாமிங்களா வந்து கரி தூக்குனாங்க?"

நான் சிரித்துவிட்டேன். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அச்செடுத்த தாளைக் காட்டினேன். ஏழு பேருக்கும் வலது தோளில்தான் முந்தானை. அம்மா தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் ஜன்னலோரம் நின்றாள். குக்கர் நான்கு விசில் அடித்தது, அவள் திரும்பவில்லை. கடைசியில் தாளை மறுபக்கம் திருப்பி, பின்னாலிருந்து வெயிலில் பிடித்தாள். முந்தானை இடது தோளுக்கு வந்துவிட்டது.

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான்," என்றாள்.

அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்தது எல்லாம் ஸ்லைடு, ஒரு துண்டு பிலிம். எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இதைப் புரட்டி வைத்துவிட்டார்கள். எழுத்து எதுவும் இல்லாத படம். டெண்டரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பதினான்கு நிபுணர்களும் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான். நான்கு வாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தினமும் நானே கட்டுகிற புடவை. என் கண்ணில் மட்டும்தான் இவர்கள் பட்டார்கள் என்று கத்தியவள் நான்.

அப்படியென்றால் மேடை வடக்கே இல்லை, தெற்கே. ஒட்டியது எல்லாம் தப்பு.

ஜூலை 15, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. மேடையை மாற்ற மூன்று வாரம் ஆகும். இருப்பது நான்கு வாரம்கூட இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். விட்டுடு, எந்தப் பக்கம் இருந்தா என்ன, ஏத்துனது ஏத்துனதுதானே என்கிறாள்.

இன்று ஒரு வேலையும் ஓடவில்லை. பிளாட்பாரத்தில் நான்கு பெஞ்சுக்கு வண்ணம் அடித்தேன். பச்சை வண்ணம். புல் ஞாபகம் வந்தது.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வரதராஜுலு சார் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு தோளாகப் பார்த்தார். ஞாயிறு கூட்டத்தில் பேசலாம் என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 21, ஞாயிறு

வரதராஜுலு சார் படம் 141-ஐ அடித்துவிட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு.

அவர் வாதம் இது. படத்தை நேராக வைக்கவே தெரியாதவர் ஊர்ப் பெயரை மட்டும் சரியாக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது? அந்த வெளிநாட்டுக்காரர் பத்து ஷெட் சுற்றியிருக்கிறார். இது வேறு ஊராக இருக்கலாம். படம் போனால் சாட்சி வேண்டும். ஊத்துமேட்டில் கரி மேடை எந்தப் பக்கம், யார் ஏற்றினார்கள் என்று கண்ணால் கண்டவர் வந்து சொல்ல வேண்டும். ஆகஸ்ட் நான்கு, திறப்புக்கு முந்தைய கூட்டம், அதற்குள். இல்லையென்றால் அந்த இடத்தில் மரம்.

மரம். அங்கே புல், இங்கே மரம்.

இன்ஜினுக்கு வரைபடம் இருக்கிறது சார், கூடைக்கு யார் வரைபடம் போட்டு வைப்பார்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அதான்மா சாட்சி கேக்கறேன். உன் விதியும் இதேதானே? கிரேனை நீதானே தூக்கச் சொன்ன?" என்றார்.

அது சரி என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் உளியை எடுத்து வடக்கு மேடையைப் பெயர்த்தேன். சாட்சி வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே இருக்கக் கூடாது.

ஜூலை 24, புதன்

ஊத்துமேடு போய் வந்தேன். பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

ஸ்டேஷன் புதிதாக மின்னுகிறது. ஷெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஓய்வு பெற்ற டிரைவர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஓட்டிய இன்ஜின்களின் எண்ணை வரிசையாக ஒப்பித்தார்கள். கரி ஏற்றிய பெண்களா, ஆமாம் இருந்தார்கள், ஏழெட்டுப் பேர் என்றார்கள். பேர் ஒன்றுகூட வரவில்லை. உங்களில் யாராவது வந்து சொல்ல முடியுமா என்றேன். ஒருவருக்கு முழங்கால், மற்றவர் படுக்கை.

கரி காண்டிராக்டரின் மகன் இரும்புக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பரணிலிருந்து 86-ஆம் வருட ஆஜர் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே வரி. "பெ. ஆள் 7." வருடம் முழுக்க. ஒரு நாள் மட்டும் "பெ. ஆள் 6."

கிளம்பும்போது டீக்கடையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ஒருவர் அகப்பட்டார். பார்வை போய்விட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேரு யாருக்கும்மா ஞாபகம்? ஒருத்தி மட்டும் ஞாபகம் இருக்கு. பீச்சாங்கைக்காரி. மத்தவளுவ எல்லாம் ஒரு பக்கமா கரி சிந்துவாளுவ, அவ மட்டும் எதிர்ப்பக்கமா சிந்துவா. கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். கல்யாணமாயித் திருச்சிப் பக்கம் போயிட்டதா பேச்சு."

டீ ஆறிப்போயிற்று.

ஜூலை 25, வியாழன்

படத்தை நேராகத் திருப்பி, பெரிதாக அச்செடுத்தேன். ஆறு பேர் வலது கையால் கூடையைப் பிடித்திருக்கிறார்கள். மேலிருந்து மூன்றாவது ஆள் இடது கையால்.

காலையில் வேலைக்குப் போகும்போது அதைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது தாள் மிஷினுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பும் அப்பளமும்.

ஜூலை 27, சனி

அவளாகவே பேசினாள். பட்டன் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல். பதினேழு வயதிலிருந்து இருபத்துமூன்று வரை கரி சுமந்தாள். இப்போது ஐம்பத்தேழு. அந்த ஆறு வருடத்தை யாரிடமும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் தையல் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள், அப்பாவுக்கும் கடைசிவரை அதுதான் தெரியும். கல்யாணமான புதிதில் தும்மினால் மூக்கிலிருந்து கறுப்பாக வரும், முந்தானையில் துடைத்து மறைத்துக்கொள்வாளாம். ஒரு நாள் ஆறு பேர் என்று இருக்கிறதே என்று கேட்டேன். அது அவள்தானாம். பலகை வழுக்கிக் கால் பிசகி வீட்டில் படுத்த நாள்.

நான் சாட்சியைப் பற்றிச் சொன்னேன்.

"உனக்கு வேணும்னா நாலு ஜாக்கெட் தைச்சுத் தரேன்," என்றாள். "பதினாலு ஆம்பளைங்க முன்னாடி போய், நான் கரி தூக்கினேன்னு நிக்கச் சொல்லாத. ரயில்வே ஆளுங்க அன்னிக்குப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்."

வற்புறுத்தவில்லை. வற்புறுத்த நான் யார். ஊசி நூலைத் தாண்டி என்ன தெரியும் என்று கேட்டவள்.

ஜூலை 30, செவ்வாய்

தெற்குப் பக்கம் மேடை கட்டுகிறேன். அனுமதி இல்லை. வரதராஜுலு சார் பார்த்தார். மரம் வைக்க ஒரு டப்பா தேங்காய் நார் மட்டும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். தாஸ் அண்ணன் அதன்மேல் தன் டிபன் கேரியரை வைத்தார்.

ஏழு பேரையும் புதிதாகச் செய்ய வேண்டும். இடது தோள், வலது கை. மூன்றாவது ஆளுக்கு இடது கை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆறு பேர் தயார். மூன்றாவது ஆளை மூன்று தடவை செய்து மூன்று தடவையும் பிய்த்துப் போட்டேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள், அந்தப் புத்தகத்தில் பெண்கள் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று. இல்லை என்றேன். ஆஜர் புத்தகத்தில் எப்படி எழுதியிருந்தது என்றாள். அதை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பெ. ஆள் 7.

"ஆறு வருசம்," என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வேகமாக எழுதுகிறேன்.

கூட்டம் பத்து மணிக்கு. பதினொன்றாகியும் சாட்சி இல்லை. சார் புத்தகத்தை மூடப் போனார். அப்போது கதவருகில் அம்மா. வாடாமல்லிக் கலர்ப் பட்டு, கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிறது. கையில் கடைப்பை. தாஸ் அண்ணன் யாருக்கோ விசேஷம் என்று நினைத்து, மண்டபம் இப்போது விடுவதில்லை அம்மா என்றார். அவள் நேராக மேசைக்கு வந்து, குனிந்து, பதினாறு அடியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தாள். மேடைக்கு எதிரே நின்றாள்.

"இந்தப் பக்கம்தான். சரியா வச்சிருக்க," என்று என்னிடம் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என் பேரு அஞ்சலம். இங்க ஆறு வருசம் கரி ஏத்தினேன். என்ன கேக்கணுமோ கேளுங்க."

வரதராஜுலு சார் எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். ஆனால் விதியை விடவில்லை. பலகை எத்தனை அடி, மேடை எவ்வளவு உயரம், இன்ஜின் எந்த முகமாக நிற்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா நிதானமாகச் சொன்னாள். பலகை ஒன்றில்லை, இரண்டு. ஒன்றில் ஏறி மற்றதில் இறங்க வேண்டும். படத்தில் பின்னால் இருப்பது மறைந்துபோயிருக்கிறது. எனக்கு வேலை கூடிவிட்டது.

கடைசியாக அவர் கேட்டார், "வேலை முடிஞ்சதும் உடம்புல இருக்கிற கரியை எங்கம்மா கழுவுவீங்க? அங்க குழாய் கிடையாதே."

அம்மா அவரைப் பார்த்தாள்.

"இன்ஜின்லதான். பயர்மேன் ஒரு குழாயைத் தெறந்தா கீழ சுடுதண்ணி கொட்டும். நல்லவனா இருந்தா நாங்க கேக்கறதுக்கு முந்தியே தெறந்து விடுவான்."

"கெட்டவனா இருந்தா?"

"அவனும் விடுவான். என்ன, நாலு பேச்சு பேசிட்டு விடுவான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வரதராஜுலு சார் சிரிக்கவில்லை. அவரும் பயர்மேனாக இருந்தவர். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நிஜம்தான்," என்றார். "அங்க நின்னவங்களுக்குத்தான் இது தெரியும்." பிறகு மெதுவாக, "நான் ரெண்டு மாதிரியும் இருந்திருக்கேன்மா," என்றார்.

அம்மா அதற்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

தாஸ் அண்ணன் புத்தகத்தை நிரப்பினார். பொருள்: கரி மேடை, தெற்கு. பெயர்: அஞ்சலம். பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றது. என்ன போடுவது என்று சாரைப் பார்த்தார். சார் அம்மாவைப் பார்த்தார்.

"கரி ஏத்துனவள்னு போடு தம்பி," என்றாள். "வேற என்ன போடுவ?"

இடது கையால் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஃபோர்மேனுக்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தாக. பிறகு குனிந்து பொம்மைகளைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மேலிருந்து கீழே. குப்பு. சவரி. மூன்றாவதற்கு இன்னும் ஆள் இல்லை, அங்கே விரலை வைத்துத் தாண்டிப் போனாள். ராசாத்தி. பொன்னுத்தாயி. சின்னக்கிளி. பட்டு. சார் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டார். ராசாத்தியும் பட்டும் இப்போது எங்கே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியுமாம்.

ஆகஸ்ட் 7, புதன்

மூன்றாவது ஆள் நான்காவது தடவையில் வந்துவிட்டாள். அம்மாவை ஸ்டூலில் நிறுத்தி, தலையில் துணிக்கூடையை வைத்து, பார்த்துச் செய்தேன். கழுத்து எப்படி நிமிரும் என்பது படத்தில் தெரியவே இல்லை. இரண்டாவது பலகையும் வைத்தாயிற்று. சோறு வடிக்க நேரமில்லை, மூன்று நாளாக இட்லிக் கடைதான்.

ஆகஸ்ட் 10, சனி

திறப்பு. இரண்டு பள்ளிகள், தொண்ணூறு பிள்ளைகள். பாதிப் பேர் ரயிலைத் துரத்திக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினார்கள். அதற்குத்தானே வந்தார்கள். ஒரு பெண் மட்டும் கரி மேடை எதிரே நின்று, இந்த அக்கா மட்டும் ஏன் என்னை மாதிரி இந்தக் கையால் பிடித்திருக்கிறாள் என்று கேட்டாள். தாஸ் அண்ணன், "அந்த அக்காவையே கேளு," என்று அம்மாவைக் காட்டினார். கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. அம்மா அரை மணி நேரம் பேசினாள். டெண்டர், பலகை, சுடுதண்ணி. நாலு பேச்சை மட்டும் விட்டுவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா மேசையருகே வந்து நின்றாள்.

"கூடை சின்னதா இருக்கு."

படத்தை அளந்துதான் செய்தேன் என்றேன். பதினெட்டு அங்குலம் வந்தது.

"படத்துல இருக்கும். தலையில அப்படி இல்ல."

வரதராஜுலு சார் ஆதாரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அம்மா இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள். அசையாமல் நின்றாள். தாஸ் அண்ணன் டேப்பைப் பிடித்தார். இருபத்துநான்கு அங்குலம். சார் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மண்டபம் விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து ஏழு கூடை செய்தேன். ஐந்து மில்லிமீட்டர் இருந்தது இப்போது ஏழு. சென்னைக் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் ராசாத்தியைத் தேடிப் போகிறோம், நானும் அம்மாவும்.

கடைசிக் கூடைக்குப் பசை காய்கிறது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காய்ந்த கூடைகளை ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"கனமே இல்லியே," என்றாள்.